மானிடவியல் படிக்க நினைப்பவர்களுக்கு: எந்தத் துறை, எந்த ஊர், படித்த பிறகு என்ன

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மானிடவியல் என்றொரு பாடம் இல்லை. அதனால் முதுகலை ஆசிரியர் தேர்வில் அதற்கு இடமும் இல்லை. கலைக் கல்லூரிகளில் அந்தப் பெயரில் துறை வைத்திருப்பவை அரிது. உதவிப் பேராசிரியர் பணியிடங்களின் கதையும் அதுதான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும், மானிடவியலுக்கென்று தனிச் சலுகை கிடையாது. இதையெல்லாம் வீட்டில் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நீங்களே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. தெரிந்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் மேலே படியுங்கள்.

இங்கே நான் பேசுவது பண்பாட்டு மானிடவியலைப் பற்றி. எலும்பையும் மரபணுவையும் ஆராயும் உடல்சார் மானிடவியலுக்குக் கணக்கு வேறு. பண்பாட்டு மானிடவியலாளர் ஒரு கிராமத்திலோ மீன் சந்தையிலோ அரசு மருத்துவமனையிலோ மாதக்கணக்கில் பழகுகிறார். அங்குள்ளவர்களின் பேச்சு, கொடுக்கல் வாங்கல், உறவுமுறை, சடங்கு, சண்டை எல்லாவற்றையும் கவனித்துக் குறிப்பெடுத்து, அந்த வாழ்க்கை எப்படி இயங்குகிறது என்று எழுதுகிறார். இந்த வேலையைக் கற்றுக்கொள்ளத் தமிழ்நாட்டு மாணவருக்கு முன்னால் நான்கு துறைகளும் நான்கைந்து ஊர்களும் இருக்கின்றன. இளங்கலையிலேயே மானிடவியல் படிக்கும் வாய்ப்பு இங்கே அநேகமாக இல்லை. அதற்காக வருந்தவும் வேண்டாம், எந்தப் பட்டம் படித்தவரையும் எம்.ஏ.வில் சேர்த்துக்கொள்ளும் துறைகளே அதிகம். என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு துறை உங்களை எவ்வளவு காலம் களத்தில் விடுகிறது, திரும்பி வந்ததும் உங்கள் களக்குறிப்பேட்டை யார் படித்துத் திருத்துகிறார்கள் என்ற இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன். பட்டத்தின் பெயர் அதற்குப் பிறகு.

சமூகவியலா, நாட்டாரியலா, சமூகப்பணியா?

இந்தியாவில் பண்பாட்டு மானிடவியலின் பெரும்பகுதி சமூகவியல் என்ற பெயரில்தான் நடந்திருக்கிறது. எம்.என். சீனிவாஸ் ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் பயின்றவர். இந்தியா திரும்பி 1959இல் டெல்லி பொருளியல் பள்ளியில் அவர் தொடங்கியதோ சமூகவியல் துறை. ஆந்த்ரே பெத்தெய் கல்கத்தாவில் மானிடவியலில் முதுகலை முடித்துவிட்டு அந்தத் துறைக்கு வந்து சேர்ந்தார். தஞ்சாவூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கி, அக்கிரகாரத்துக்கும் குடியானவர் தெருவுக்கும் சேரிக்கும் இடையே சாதியும் நிலவுடைமையும் அதிகாரமும் எப்படி விலகத் தொடங்கின என்று அவர் எழுதிய நூல் 1965இல் வந்தது. சமூகவியலாளர் என்று அழைக்கப்பட்ட ஒருவர் செய்த அப்பட்டமான மானிடவியல் வேலை அது. ஆகவே சமூகவியல் துறை என்றவுடன் ஒதுக்கிவிடக் கூடாது.

அதே சமயம், நம் ஊர்ச் சமூகவியல் துறைகள் பலவற்றில் நடப்பது வேறு. முந்நூறு பேரிடம் வினாப்பட்டியல், கணினியில் அட்டவணை, கை-வர்க்கம் (chi-square) என்ற புள்ளியியல் சோதனை, கடைசியில் ‘பெண்களின் நிலை மேம்பட வேண்டும்’ என்ற பரிந்துரையோடு ஆய்வேடு முடிந்துவிடும். இதற்கும் பயன் உண்டு. ஆனால் ஒரு வீட்டுத் திண்ணையில் நாள் முழுக்க உட்கார்ந்து, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனிக்கும் பொறுமை அதில் வராது. பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார், பெரியார், அண்ணாமலை எனப் பல பல்கலைக்கழகங்களில் சமூகவியல் துறை இருக்கிறது. சேருமுன் அந்தத் துறையின் அண்மைக்கால ஆய்வேடுகளை நூலகத்தில் புரட்டிப் பாருங்கள். அட்டவணைகளே பக்கங்களை நிரப்பியிருந்தால் உங்களுக்கான இடம் அது இல்லை. மனிதர்கள் பேசும் பக்கங்கள் கண்ணில் பட்டால், அவற்றை எழுதியவரின் நெறியாளர் யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை என்று வந்தால் சமூகவியலின் கை ஓங்கித்தான் இருக்கிறது. சி.பி.எஸ்.இ. மேல்நிலை வகுப்புகளில் சமூகவியல் பாடம் உண்டு. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் உண்டு. செவிலியர் கல்லூரிகளிலும் சமூகவியல் தாள் இருக்கிறது. மானிடவியல் பட்டத்தோடு இந்தக் கதவுகளைத் தட்டினால் திறப்பது சந்தேகம், விளம்பரத்தில் சமூகவியல் முதுகலை என்றே போட்டிருப்பார்கள். ஆசிரியப் பணிதான் குறி, வெளிமாநிலம் போக முடியாது என்ற நிலையில் இருப்பவர் சமூகவியலை எடுத்துக்கொண்டு, மானிடவியல் மனம் கொண்ட நெறியாளர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

மக்களின் பாட்டு, கதை, சடங்குகளை ஆராயும் நாட்டார் வழக்காற்றியல், சுருக்கமாக நாட்டாரியல், மூன்றாவது வழி. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி இதை ஒரு தனித் துறையாக வளர்த்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் துறை உண்டு. இன்னொரு பக்கம், தமிழ்த் துறைகளுக்குள்ளேயே மானிடவியல் தரத்தில் வேலைகள் நடந்திருக்கின்றன. அழகர்கோயிலைப் பற்றித் தொ. பரமசிவன் செய்த முனைவர் பட்ட ஆய்வு தமிழ்த் துறை ஆய்வுதான். இந்த வழியின் பெரிய பலம் மொழி. வில்லுப்பாட்டையும் ஒப்பாரியையும் குலதெய்வக் கதையையும் அவை பேசப்படும் தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே எழுதலாம், தமிழ் வாசகரிடமே கொண்டுசேர்க்கலாம். உறவுமுறைக் கோட்பாடு, பொருளாதார மானிடவியல், அரசும் சட்டமும் என்று போகும்போதுதான் பலவீனம் தெரியும். அங்கே வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், நீங்களாகவே முட்டி மோதிப் படித்துக்கொள்ள வேண்டும். புதுவையில் பணியாற்றிய பக்தவத்சல பாரதி தமிழில் எழுதிய மானிடவியல் பாடநூல்கள் அந்த இடைவெளியை ஓரளவு அடைத்திருக்கின்றன.

சமூகப்பணி, அதாவது எம்.எஸ்.டபிள்யூ., உண்மையில் வேறு வகைப் படிப்பு. அதிலும் களப்பணி உண்டு, வாரத்தில் சில நாட்கள் கட்டாயமாகவே உண்டு. ஆனால் அங்கே நீங்கள் போவது உதவி செய்ய, தலையிட, திட்டத்தை நிறைவேற்ற. மானிடவியல் மாணவர் போவது புரிந்துகொள்ள. இரண்டு மனநிலைகளும் ஒன்றையொன்று எரிச்சலூட்டும். சென்னையில் 1952 முதல் இயங்கும் சமூகப்பணிப் பள்ளி போன்ற இடங்களில் படித்தவர்களுக்குத் தொண்டு நிறுவனம், மருத்துவமனை, தொழிற்சாலைப் பணியாளர் நலம் என்று வேலை விரைவாகக் கிடைக்கிறது. படிப்பு முடித்த ஆறு மாதத்துக்குள் வீட்டுக்குப் பணம் அனுப்பியாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவரிடம், மானிடவியல் வேண்டாம், எம்.எஸ்.டபிள்யூ. சேருங்கள் என்றுதான் சொல்வேன்.

ஊர்களை ஒப்பிட்டால்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறை 1945இல் தொடங்கியது. நாட்டின் பழைய துறைகளில் ஒன்று. சேப்பாக்கத்தில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் என்பதால் பணம் பெரிய தடையல்ல. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் கூப்பிடு தூரத்தில் இருப்பதை மாணவர்கள் போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் குறை. எட்கர் தர்ஸ்டன் அதன் கண்காணிப்பாளராக இருந்துகொண்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார், கா. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இந்தத் துறைக்கு இங்கே எப்படிப்பட்ட பூர்வீகம் என்று தெரிந்துகொள்ள அந்தக் காட்சிக்கூடத்தைவிடச் சிறந்த வகுப்பறை இல்லை.

புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தின் துறை வயதில் இளையது. அதற்கு ஒரு வெளித்துணை இருக்கிறது: அதே ஊரில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அங்குள்ள நூலகமும், வந்துபோகும் ஆய்வாளர்களும், அவ்வப்போது நடக்கும் பயிலரங்குகளும் ஒரு முதுகலை மாணவருக்குப் பெரிய சொத்து. வகுப்புத் தோழர்கள் கேரளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவார்கள். சென்னைக்கும் புதுவைக்கும் ஒரே நேரத்தில் இடம் கிடைத்தால் நான் புதுவையைச் சொல்வேன்.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேல் என்பது என் மதிப்பீடு, குறிப்பாக முனைவர் பட்டத்தை மனத்தில் வைத்திருப்பவருக்கு. அங்கே மானிடவியலும் சமூகவியலும் தனித்தனித் துறைகள், இரண்டுமே வலுவானவை. ஒன்றில் சேர்ந்து மற்றதன் வகுப்பிலும் உட்காரலாம். தமிழ்வழியில் படித்துவிட்டு வருபவருக்கு முதல் பருவம் கடினமாக இருக்கும், வாரத்துக்கு நூறு நூற்றைம்பது பக்கம் ஆங்கிலத்தில் படிக்கச் சொல்வார்கள். புதுவை, ஹைதராபாத் இரண்டுக்கும் கியூட் (CUET) என்ற பொது முதுகலை நுழைவுத்தேர்வுதான் வாசல்.

டெல்லியிலும் கொல்கத்தாவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே மானிடவியல் அறிவியல் புலத்தைச் சேர்ந்த துறை. மண்டையோடு, கைரேகை, இரத்தப் பிரிவு என்று செய்முறை வகுப்புகள் நிறைய இருக்கும். தடயவியல் பக்கம் போக நினைப்பவருக்கு அது வரம். பண்பாட்டு மானிடவியலைத் தேடி டெல்லிக்குப் போகும் தமிழ் மாணவர் மானிடவியல் துறைக்குள் நுழைந்துவிட்டு, தான் தேடியது சில கட்டடங்கள் தள்ளி டெல்லி பொருளியல் பள்ளியில் சமூகவியல் என்ற பெயரில் இருப்பதைத் தாமதமாகக் கண்டுபிடிப்பார். கொல்கத்தா நாட்டின் முதல் முதுகலை மானிடவியல் துறை; 1920களில் அங்கே பாடம் நடத்தியவர் பாலக்காட்டுக்காரரான எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர். பெருமை பெரிது, ஆனாலும் இங்கிருந்து அவ்வளவு தூரம் போவதற்கு அது மட்டும் காரணமாகாது.

வேலையில் இருந்துகொண்டு படிக்க நினைப்பவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் தொலைநிலை எம்.ஏ. உண்டு. பாடப் புத்தகங்கள் தெளிவானவை. வேறு துறையில் படிப்பவர்கள்கூட வாங்கிப் படிக்கலாம். களப்பயிற்சியில்தான் குறை. செவிலியர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஊழியர், ஆசிரியர் என்று ஏற்கெனவே மக்களோடு புழங்கும் வேலையில் இருப்பவருக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

வெளிநாடு

பிரிட்டனில் முதுகலை ஓராண்டுதான். கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் முப்பது லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். அந்த ஓராண்டில் உண்மையான களப்பணிக்கு நேரமே இருக்காது. கோடையில் ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான். கடன் வாங்கி மானிடவியல் எம்.ஏ. படிக்க லண்டன் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உதவித்தொகையோடு என்றால் கதை வேறு: ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டனின் சோவாஸ் கல்லூரியிலும் இந்திய மாணவர்களுக்கு வழங்கப்படும் ஃபெலிக்ஸ் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கிறது, காமன்வெல்த் உதவித்தொகையும் இருக்கிறது. பணி அனுபவம் உள்ளவர்கள் பிரிட்டன் அரசின் செவ்னிங் உதவித்தொகைக்கும் முயலலாம்.

அமெரிக்க வழி தலைகீழானது. அங்கே எம்.ஏ.வுக்குப் பணம் கேட்பார்கள், பி.எச்டி.க்குப் பணம் கொடுப்பார்கள். நல்ல துறைகளில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, மாதாமாதம் உதவித்தொகை, பதிலுக்குச் சில பருவங்கள் இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். ஆறேழு ஆண்டுகள் ஆகும்; அதில் ஓராண்டுக்குக் குறையாமல் களத்தில் இருப்பீர்கள். ஒரு துறையில் ஆண்டுக்குச் சேர்ப்பது கைவிரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கைதான். 2025இல் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சமூக அறிவியல், மனிதவியல் (humanities) துறைகளில் பி.எச்டி. சேர்க்கையைக் குறைத்தும் நிறுத்தியும் வைத்ததைப் பார்த்தால், இதை மட்டுமே நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து என்று தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் ஜெர்மனி. ஹைடல்பர்க்கில் 1962 முதல் ஒரு தெற்காசிய நிறுவனம் இருக்கிறது, மானிடவியல் அதன் துறைகளில் ஒன்று. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இலவசம் என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, ஹைடல்பர்க் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்காக ஆண்டுச் செலவுக்குச் சுமார் 12,000 யூரோவை, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் காட்டவும் வேண்டும். அப்படியும் ஓராண்டுச் செலவு லண்டனைவிடக் குறைவுதான்.

இந்த இடத்தில் ஒரு விதியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோர் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையின் விதிகள் 2022இல் திருத்தப்பட்டன. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவை மையமாகக் கொண்ட சமூக ஆய்வுகள் ஆகியவற்றுக்கு இனி உதவித்தொகை கிடையாது என்று எழுதினார்கள். 1916 மே மாதம் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றி ஒரு மாணவர் கட்டுரை படித்தார். அவர் பெயர் அம்பேத்கர். அதே தலைப்போடு இன்று ஒரு தலித் மாணவர் இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். விதி மாறியிருக்கிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் பாருங்கள். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை தனியாக நடத்தும் வெளிநாட்டுக் கல்வி உதவித் திட்டத்தின் விதிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

படித்த பிறகு

மானிடவியல் பட்டத்துக்கு இந்தியாவில் சட்டமே ஓர் இடம் கொடுத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். வேலைக்கோ மேற்படிப்புக்கோ அந்தச் சான்றிதழைக் காட்டினால், அதன் மெய்த்தன்மையில் சந்தேகம் எழும்போது விவகாரம் மாநில அளவிலான கூர்நோக்குக் குழுவுக்குப் போகிறது. அந்தக் குழுவில் மானிடவியலாளர் ஓர் உறுப்பினர். 1994இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, விசாரணையில் அந்தச் சமூகத்தின் தெய்வம், சடங்கு, திருமண முறை, இறப்புச் சடங்கு, அடக்கம் செய்யும் வழக்கம் ஆகிய மானிடவியல் கூறுகளைப் பார்க்கச் சொன்னது. காட்டுநாயக்கன், கொண்டாரெட்டி, குருமன்ஸ் போன்ற பெயர்களில் ஆண்டுக்கணக்காக இழுக்கும் வழக்குகளில் ஒருவரின் வேலையும் ஓய்வூதியமும், அவர் தாத்தாவை எப்படிப் புதைத்தார்கள் என்ற கேள்வியில் தொங்கும்.

இந்த வேலை எனக்கு உறுத்தலானது. மூன்று தலைமுறையாக நகரத்தில் வாழும் குடும்பத்திடம் உங்கள் குலச்சடங்கு என்ன என்று கேட்டு, தெரியவில்லை என்றால் நீ பழங்குடி அல்ல என்று எழுதுவது அபத்தம். பண்பாடு மாறிக்கொண்டே இருக்கும் என்பதைத்தானே முதல் பருவத்தில் சொல்லித் தருகிறார்கள்! உச்ச நீதிமன்றமே 2011இலும், பிறகு 2023இலும், இந்தப் பண்பாட்டு ஒற்றுமைச் சோதனையை மட்டுமே உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் நல்ல பயிற்சியும் மனச்சாட்சியும் உள்ள மானிடவியலாளர்கள் அந்த மேசையில் உட்காராவிட்டால், பழைய நூலொன்றில் உள்ள வரியைக் காட்டி ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை முடித்துவைக்கும் ஒருவர் வந்து உட்காருவார்.

ஒரு சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்ப்பதும் இதே கேள்விதான். 1965இல் ஒன்றிய அரசு அமைத்த லோகூர் குழு தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, வெளியாரிடம் கூச்சம், பின்தங்கிய நிலை என்று ஐந்து அளவுகோல்களை வகுத்தது. அறுபது ஆண்டுகள் கழித்தும் கோப்புகள் அவற்றையே சுற்றுகின்றன. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க அந்தக் குழுவே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றியது 2022 டிசம்பரில்.

வன உரிமைச் சட்டமும் இந்தப் படிப்பைக் கேட்கிறது. 2006 சட்டத்தின் விதிகளில், ஒரு கிராமம் காட்டின் மீதான தன் உரிமைக்குக் காட்டக்கூடிய சான்றுகளின் பட்டியல் இருக்கிறது. முதியோரின் எழுதப்பட்ட வாக்குமூலமும், வழக்காறுகளைப் பதிவுசெய்த ஆய்வுகளும் அதில் சான்றாக ஏற்கப்படுகின்றன. அத்தகைய ஆய்வு நிறுவனத்துக்கு உதாரணமாக விதி பெயர் சொல்வது இந்திய மானிடவியல் ஆய்வகத்தை. தேன் எடுக்கும் பாறை எது, தெய்வம் இருக்கும் மரம் எது, மாடு போகும் தடம் எது என்று கேட்டு வரைபடமாக்குவது களப்பணி தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் இதற்கு ஆள் போதவில்லை. சம்பளம் பெரும்பாலும் தொண்டு நிறுவனத்திலிருந்து, ஒப்பந்த அடிப்படையில், திட்டம் முடியும்வரை மட்டும் வரும்.

நிரந்தர அரசுப் பணி குறைவு. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வகத்துக்குத் தெற்கில் மைசூருவில் மண்டல மையம் இருக்கிறது. உதகை அருகே முத்தோரை பாலாடாவில் மாநில அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அருங்காட்சியகத் துறையில் மானிடவியல் பிரிவுக்கான காப்பாட்சியர் பதவி எப்போதாவது அறிவிக்கப்படும். இவற்றை நம்பித் திட்டமிட முடியாது. அறிவிப்பு வரும்போது தகுதியோடு இருக்கலாம், அவ்வளவுதான்.

குடிமைப் பணித் தேர்வைப் பற்றிப் பரவலாக ஒரு குழப்பம் உண்டு. முதன்மைத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 500 விருப்பப் பாடத்துக்கு. மானிடவியலின் பாடத்திட்டம் சிறியது, அதனால் பொறியாளர்களும் மருத்துவர்களும் கூட்டம் கூட்டமாக அதை எடுக்கிறார்கள். சில மாதப் பயிற்சியில் அவர்கள் முடித்துவிடுவதற்கு நீங்கள் இரண்டு ஆண்டு எம்.ஏ. படிக்கத் தேவையில்லை. குறி ஐ.ஏ.எஸ். மட்டும் என்றால் எம்.ஏ.வைத் தவிர்த்துவிடுங்கள். எம்.ஏ. முடித்தவர் தேர்வெழுதினால் இரண்டாம் தாளில், இந்தியப் பழங்குடிகள் பற்றிய பகுதியில், எழுத்தில் ஒரு நம்பகத்தன்மை வரும். முதல் தாளின் மரபணுவியலும் மனிதப் பரிணாமமும் அவரையும் மற்றவர்களைப் போலவே படுத்தும்.

ஆராய்ச்சிப் பாதையில், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அந்தப் பணம் இருந்தால் முனைவர் பட்டம் நிம்மதியாகப் போகும். இல்லாமல் தொடங்கினால் கௌரவ விரிவுரையாளர் வேலைக்கும் களத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்க நேரும். களத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சின்ன வேண்டுகோள்: நீலகிரியின் தோடர் பழங்குடியினரைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். 1901இல் பிரிட்டிஷ் மானிடவியலாளர் ரிவர்ஸ் வந்து இறங்கியதிலிருந்து, இரண்டாயிரம் பேர் அளவிலான அந்தச் சமூகம் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே களைத்திருக்கும். திருப்பூரின் பிகார்த் தொழிலாளர் குடியிருப்பும், மதுரை உயர் நீதிமன்றக் கிளையின் தாழ்வாரமும், சென்னையின் உணவு விநியோக இளைஞர்கள் காத்திருக்கும் தெருமுனையும் இன்னும் யாராவது வந்து உட்காரக் காத்திருக்கின்றன.

பொதுச் சுகாதாரத்தில் வாய்ப்பு கூடிவருகிறது. காசநோயாளி மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார், தடுப்பூசிக்கு ஒரு தெரு மட்டும் ஏன் வர மறுக்கிறது போன்ற கேள்விகளுக்கு எண்ணிக்கை மட்டும் பதில் தராது என்று மருத்துவ ஆய்வு நிறுவனங்கள் புரிந்துகொண்டிருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இரண்டு நிறுவனங்கள், காசநோய்க்கும் தொற்றுநோயியலுக்கும், சென்னையிலேயே இருக்கின்றன. அவற்றின் திட்டப் பணி விளம்பரங்களில் சமூக அறிவியல் முதுகலை கேட்கும்போது மானிடவியலையும் ஏற்கிறார்களா என்று வரி வரியாகப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தம்தான். இருந்தாலும் தொண்டு நிறுவனச் சம்பளத்தைவிட மேல், கற்றுக்கொள்வதும் அதிகம்.

கம்பெனி வேலையைப் பற்றி மானிடவியல் துறைகள் பேசவே கூச்சப்படுகின்றன. கூச்சத்துக்கு அவசியமில்லை. 1980களிலேயே லூசி சச்மன் என்ற மானிடவியலாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வு மையத்தில், நகலெடுக்கும் இயந்திரத்தோடு படித்தவர்களே எப்படித் திண்டாடுகிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்தார். இயந்திரத்தை வடிவமைத்தவர் மனத்தில் இருந்த மனிதரும், அதன் முன் நின்ற மனிதரும் வேறு வேறு என்று காட்டினார். 1998இல் இன்டெல் நிறுவனம் மானிடவியலாளர் ஜெனிவீவ் பெல்லை வேலைக்கு எடுத்தது. பெங்களூருவில் இன்று இந்த வேலைக்கு ‘யூசர் ரிசர்ச்சர்’ என்று பெயர், விளம்பரத்தில் மானிடவியல் என்ற சொல் அநேகமாக இருக்காது. வடிவமைப்புப் பள்ளிகளில் படித்தவர்களோடு போட்டி போட வேண்டும். ஓராண்டுக் களப்பணியை மனத்தில் வைத்திருப்பவருக்கு, இரண்டு வாரத்தில் பன்னிரண்டு பேரைப் பார்த்துவிட்டு அறிக்கை கொடு என்பது அவமானமாகத் தோன்றும். சம்பளமோ இந்தக் கட்டுரையில் சொன்ன மற்ற எதையும்விட அதிகம். எம்.ஏ. படிக்கும்போதே ஏதாவது ஒரு செயலியை உங்கள் ஊர்க்காரர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்து ஏழெட்டுப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட அதைத்தான் கேட்பார்கள்.

எனக்கு முன்னால் மூன்று பேர் உட்கார்ந்து கேட்டால் மூன்று பதில் சொல்வேன். கையில் பணமில்லை, ஆனால் ஐந்தாறு ஆண்டு பொறுக்க வீடு தயார் என்பவருக்கு: ஹைதராபாத் அல்லது புதுவை, எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே நெட், ஜே.ஆர்.எஃப். வந்தால் பி.எச்டி., கூடவே அமெரிக்க விண்ணப்பங்கள். ஊரைவிட்டுப் போக முடியாதவருக்கு: சென்னை, அல்லது அருகிலுள்ள சமூகவியல் துறையில் தேடிப்பிடித்த நெறியாளர், பிறகு சுகாதார ஆய்வுத் திட்டங்கள். எழுதத் தெரிந்த, தமிழில் மட்டுமே எழுத விரும்பும் ஒருவருக்கு: நாட்டாரியலும் பாளையங்கோட்டையும்.

தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இளங்கலை மூன்றாம் ஆண்டில் இருப்பவருக்கு நேரம் குறைவு. கியூட் முதுகலைத் தேர்வுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில் திறந்துவிடுகிறது, தேர்வு மார்ச்சில். அமெரிக்க பி.எச்டி. விண்ணப்பங்கள் டிசம்பரில் முடிகின்றன, செவ்னிங் இன்னும் முன்னால், இலையுதிர் காலத்திலேயே. நெட் தேர்வு ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இருமுறை. சென்னைப் பல்கலைக்கழக முதுகலைச் சேர்க்கை கோடையில் நடக்கும். மற்றவற்றைத் தவறவிட்டவர்களுக்கும் அப்போது ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கும். பரிந்துரைக் கடிதம் எழுதித் தரப் பேராசிரியர்களுக்குக் குறைந்தது ஒரு மாதம் கொடுங்கள். செமஸ்டர் தேர்வு நேரத்தில் போய் நின்றால் போன ஆண்டு வேறொருவருக்கு எழுதிய கடிதத்தில் உங்கள் பெயரை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.